இசைத்தட்டு இயந்திரத்தில் உறுமலும் தட்டலும்: அம்மிக்கல் வைத்தும் குறையவில்லை

பண்டாரவளைக் காற்று | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பா விட்டுப்போன இசைத்தட்டு இயந்திரம் ஒன்றை மூன்று மாதமாகச் சீர்செய்து வருகிறேன். பெயர்த்தகடு கழன்று எங்கோ போய்விட்டது. இங்கிலாந்தில் செய்தது என்பது மட்டும் அடியில் வார்த்திருக்கும் எழுத்தில் தெரிகிறது. மோட்டார் அச்சு றப்பர் விளிம்புள்ள ஒரு சிறிய சக்கரத்தைத் திருப்புகிறது. அந்தச் சக்கரம் சுழல்தட்டின் உள்விளிம்பை அழுத்திச் சுழற்றுகிறது. 1975இல் இங்கே இலங்கையில் கம்பனித் தேயிலைத் தோட்டங்கள் அரசுடைமையானபோது ஊருக்குப் புறப்பட்ட தோட்டத் துரை ஒருவர், தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பாவிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

குறை இதுதான். பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குமேல் "தொப், தொப்" என்று மெல்லிய தட்டல். நாதஸ்வரத் தட்டில் தவில் ஓய்ந்து ஆலாபனை தொடங்கும் இடத்தில் இரண்டும் முன்னால் வந்து நிற்கின்றன.

நாங்கள் இருப்பது தோட்ட உத்தியோகத்தர் விடுதி. தரை பலகை. அம்மாவின் பழைய அம்மிக்கல்லை மேசையில் வைத்து அதன்மேல் இயந்திரத்தை வைத்தேன். கல்லுக்கு அடியில் றப்பர் செருப்பை வெட்டி நான்கு துண்டுகள் வைத்தேன். துளியும் குறையவில்லை. அதிர்வைத் தடுக்கும் என்று இணையத்தில் விற்கிற பித்தளைக் கூம்புக் கால்களை வாங்கலாமா? விலை என் அரை மாதச் சம்பளம். அதனால்தான் வாங்குவதற்கு முன் கேட்கிறேன்.

கண்டித் தட்டுகள் | சனி, இரவு 10.15

நண்பரே, உங்களுடையதுபோல நடுவில் ஒரு சக்கரம் நின்று தட்டைத் திருப்பும் இடைச்சக்கர இயந்திரம் உறுமத்தான் செய்யும். மோட்டாரின் அதிர்வு அச்சிலிருந்து சக்கரத்துக்கும் சக்கரத்திலிருந்து தட்டுக்கும் நேரடியாகப் போகிறது. பெல்ட் வந்ததே இந்த நோய்க்கு மருந்தாகத்தான். 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் செய்த ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசேர்ச் கம்பனி) இயந்திரத்தைப் பாருங்கள். சுழல்தட்டும் ஊசிக்கையும் ஒரே சட்டத்தில் சேர்ந்து, மூன்று ஸ்பிரிங்குகளில் தனியாக நிற்கும். மோட்டார் வெளிச்சட்டத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய றப்பர் பெல்ட் மட்டுமே. 1965இல் வந்த தோரன்ஸ் டிடி 150இலும் இதே யோசனைதான். அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

கூம்புக் காலுக்குச் செலவழிப்பதைவிடப் பழைய பெல்ட் இயந்திரம் ஒன்றுக்குச் சேமியுங்கள் என்பது என் கருத்து.

ஹட்டன் பட்டறை | ஞாயிறு, காலை 6.20

நாற்பது வருடமாக ரேடியோகிராம் திருத்துகிறேன். கண்டித் தம்பி சொல்வதை என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1954இல் விற்பனைக்கு வந்த கராட் 301 இடைச்சக்கர இயந்திரம்தான். பிபிசி நிலையத்தில் ஒலிபரப்புக்கு வைத்திருந்தார்கள். உறுமுகிற இயந்திரத்தை வானொலி நிலையத்தில் வைப்பார்களா? 1957இன் தோரன்ஸ் டிடி 124இல் மோட்டாருக்குப் பெல்ட், தட்டுக்கு இடைச்சக்கரம் என்று இரண்டும் உண்டு. ஆகவே குற்றவாளி முறை அல்ல. உள்ளே ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

பண்டாரவளைத் தம்பி, கால்களை வாங்காதீர்கள். மோட்டாரும் தட்டும் ஊசிக்கையும் ஒரே பெட்டியில் உட்கார்ந்திருக்கின்றன. பெட்டிக்கு அடியில் கல்லை வைத்தாலும் பித்தளையை வைத்தாலும் தரையிலிருந்து வருவதைத்தான் தடுக்கலாம். பெட்டிக்குள்ளேயே பிறந்து ஊசிக்குப் போகிற அதிர்வு அந்தக் காலைத் தாண்டவே வேண்டியதில்லை. தாண்டாததை அது எப்படித் தடுக்கும்?

முதலில் எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். மோட்டார் ஓட, ஊசியைத் தூக்கிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் அது அதிர்வு அல்ல, மின் இரைச்சல். எர்த் வயரைப் பாருங்கள். அடுத்து, ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொண்டு நிற்கிற தட்டில் ஊசியை இறக்குங்கள். பிறகு மெல்லக் கூட்டி, மோட்டாரை ஓட்டாமல் அறையில் நடந்து பாருங்கள். அது தரையின் பங்கு. அடுத்து இடைச்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி, அதே நிற்கும் தட்டில் ஊசியை வைத்துக் கேளுங்கள். அது மோட்டார் பெட்டி வழியாக அனுப்புவது. கடைசியாகச் சக்கரத்தை மாட்டி, பாட்டு தொடங்குவதற்கு முந்திய வெறும் பள்ளத்தில் ஓட்டுங்கள். இங்கே புதிதாகச் சேர்வது சக்கரத்தின் பங்கு. நான்கையும் எழுதுங்கள், பிறகு பேசுவோம்.

லிந்துலை மாஸ்டர் | ஞாயிறு, காலை 8.05

பௌதிகம் படிப்பித்தவன் என்ற உரிமையில் ஒரு கணக்கு. ஸ்பிரிங்கோ றப்பரோ, சுமையை ஏற்றினால் எவ்வளவு அமிழ்கிறது என்பதை வைத்தே அது எந்த அதிர்வெண்ணில் ஆடும் என்று சொல்லிவிடலாம். 1 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் ஏறக்குறைய 16 ஹேர்ட்ஸ். 10 மில்லிமீட்டருக்கு 5 ஹேர்ட்ஸ். 25 மில்லிமீட்டருக்கு 3 ஹேர்ட்ஸுக்குச் சற்று மேல். அந்த எண்ணின் 1.4 மடங்கைத் தாண்டிய அதிர்வைத்தான் அது குறைக்கத் தொடங்கும். ஆடும் எண்ணுக்கு அருகில் வருவதைக் குறைக்காது, பெருக்கும்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நான்கு துருவத் தூண்டல் மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் கீழே ஓடும். சுழலியில் சமநிலை பிசகினால் அதன் உதைப்பு நொடிக்கு 24 தடவை. காந்தத்தின் இழுப்பு தரும் ரீங்காரம் 100 ஹேர்ட்ஸ். இப்போது செருப்புத் துண்டுகளைப் பாருங்கள். அம்மிக்கல்லின் பாரத்தில் அவை 1 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் 16 ஹேர்ட்ஸ். 24க்கு எதிராக அது கால் பங்குகூடச் சரியாகக் குறைக்காது. றப்பர் ஆடும்போது இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் உண்மை நிலை இதைவிட மோசம். நடக்கும்போது வருகிற மெதுவான அதிர்வுக்கோ அது ஒன்றுமே செய்யாது.

ஆகவே கல் வைத்தும் குறையவில்லை என்று நீங்கள் எழுதியதில் வியப்பில்லை.

தலவாக்கலை மேல்பிரிவு | ஞாயிறு, மதியம் 1.30

மின்சாரத்தையும் ஒருமுறை பாருங்கள். 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது மலிவான இன்வேர்ட்டர் ஒன்று வாங்கினேன். அதில் ஓட்டியதும் என் இயந்திரத்தின் மோட்டார் வண்டுபோல இரைந்தது. அலை வளைந்து வராமல் படிக்கட்டுபோல வெட்டி வெட்டி வருவதால், மோட்டாருக்குள் தேவையில்லாத உயர் அதிர்வெண்கள் புகுந்துவிடுகின்றன. இன்வேர்ட்டர் இல்லாமல் நேரடி லைன் மின்சாரத்தில் அதே மோட்டார் அமைதியாக ஓடுகிறது.

இன்னொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் தொழிற்சாலைக்குச் சொந்தமாக நீர்ச்சுழலி இருந்தது. தாத்தா சொல்வார்: பங்களாவில் கிராமபோன் பாடும்போது கீழே தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் ரோலரைப் போட்டால் பாடகரின் சுருதி ஒரு பிடி இறங்குமாம். சுழலி தளர்ந்தால் அதிர்வெண் குறைகிறது, அதன் பின்னாலேயே மோட்டாரும் தளர்கிறது. தாத்தாவுக்கு இந்தக் காரணம் தெரியாது. ஆனால் கொழுந்து அதிகமான நாட்களில் பாட்டு சோர்ந்து கேட்கும் என்பதைக் கவனித்து வைத்திருந்தார்.

பண்டாரவளைக் காற்று | ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. இன்வேர்ட்டர் என்னிடம் இல்லை, நேரடி மின்சாரம்தான். ஹட்டன் ஐயா சொன்ன நான்கையும் செய்தேன்.

ஊசியைத் தூக்கினால் முழு அமைதி. நிற்கும் தட்டில் ஊசியை வைத்து நடந்தால் ஒவ்வொரு அடியும் ஒலிபெருக்கியில் குத்துகிறது. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் போவது கண்ணுக்கே தெரிகிறது. சக்கரத்தைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டினால் உறுமல் அப்படியே இருக்கிறது, தட்டல் இல்லை. சக்கரத்தை மாட்டியதும் தட்டல் வந்துவிடுகிறது.

ஒரே குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று குறைகள், மூன்று இடங்களில்.

ஹட்டன் பட்டறை | ஞாயிறு, இரவு 9.10

அருமையாகப் பிரித்துவிட்டீர்கள். இப்போது தட்டலை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை "தொப்" என்று சொல்லுங்கள். சுழல்தட்டின் உள்விளிம்பின் விட்டத்தையும் சக்கரத்தின் விட்டத்தையும் அளந்து எழுதுங்கள்.

இன்னொரு கேள்வி, இதுதான் முக்கியம். கேட்டு முடிந்ததும் இயந்திரத்தை எதில் அணைக்கிறீர்கள்?

பண்டாரவளைக் காற்று | ஞாயிறு, இரவு 10.00

ஒருமுறை எண்ணினால் 154, மறுமுறை 156. உள்விளிம்பு 260 மில்லிமீட்டர், சக்கரம் 56.

அணைப்பது சுவரில் இருக்கிற சுவிட்சில். இயந்திரத்தின் பிடி இறுக்கமாக இருப்பதால் அதை எப்போதும் "ஓட்டம்" பக்கத்திலேயே விட்டுவிடுவேன். அப்பாவின் கடைசிக் காலத்திலும் அப்படித்தான் இருந்தது.

லிந்துலை மாஸ்டர் | ஞாயிறு, இரவு 10.20

260ஐ 56ஆல் வகுத்தால் 4.64. தட்டு ஒருமுறை சுற்றுவதற்குள் சக்கரம் 4.64 தடவை சுற்றுகிறது. அதை 33⅓ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 155. நீங்கள் எண்ணியது 154, 156. சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிறது. தட்டிலோ மோட்டாரிலோ இந்தத் தட்டலுக்குக் காரணம் தேட வேண்டாம்.

ஹட்டன் பட்டறை | திங்கள், காலை 6.00

மாஸ்டர் சேர் கணக்கில் காட்டியதை நான் கைப்பழக்கத்தில் சொல்கிறேன். பிடியை நிறுத்தத்தில் வைத்தால் உள்ளே ஒரு நெம்பு சக்கரத்தை அச்சிலிருந்தும் விளிம்பிலிருந்தும் விலக்கிவிடும். சுவரில் அணைத்தால் மோட்டார் நிற்கும், ஆனால் சக்கரம் இரண்டுக்கும் நடுவில் ஸ்பிரிங் அழுத்தத்தில் நசுங்கியபடியே கிடக்கும். ஒரு இரவு கிடந்தால் றப்பர் மீண்டுவிடும். வாரக்கணக்கில் கிடந்தால் அச்சு பதிந்த இடத்தில் பள்ளம் விழும். எந்த மூலைக் கடையில் வாங்கிய காலும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. மின்வெட்டு வந்தாலும் இதே கதைதான். கரண்ட் போனதும் முதல் வேலையாகப் பிடியைத் திருப்புங்கள்.

சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். ஓர் இடத்தில் நகம் இறங்கும்.

பள்ளம் ஆழமில்லை என்றால் தேய்த்து எடுக்கலாம். சக்கரத்தை அதன் சொந்த அச்சிலேயே, மையம் பிசகாமல், மெதுவாகச் சுழல வைக்க வேண்டும். லேத் வைத்திருப்பவர் இருந்தால் அவரிடமே போங்கள். தட்டையான கட்டையில் 400 இலக்கத் தேய்ப்புத்தாளை ஒட்டி, விளிம்பைத் தொட்டும் தொடாமலும் பிடியுங்கள். அழுத்தினால் றப்பர் பள்ளத்தோடு சேர்ந்து மடங்கிக் கொடுக்கும். பள்ளம் அப்படியே இருக்கும், சக்கரம் மட்டும் சிறுத்துப்போகும். சக்கரம் சிறுத்தாலும் வேகம் மாறாது, அது நடுவில் நிற்கிற சக்கரம் என்பதால். ஆனால் அளவுக்குமேல் சிறுத்தால் ஸ்பிரிங் எட்டாது, அழுத்தம் குறையும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹோலில் நனைத்த துணியால் சக்கர விளிம்பு, தட்டின் உள்விளிம்பு, மோட்டார் அச்சு மூன்றையும் துடையுங்கள். துடைத்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

அடுத்தது உறுமல். மின்கம்பியைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டுப் பெட்டியைக் கவிழ்க்காமல் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மோட்டார் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறதா? ஓர் அஞ்சலட்டையை நீளமாக வெட்டி, மோட்டாரைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடைவெளியில் விட்டுப் பாருங்கள். எங்காவது சிக்கினால் சொல்லுங்கள்.

நுவரெலியாப் பனி | திங்கள், காலை 9.30

எண்ணெயையும் பாருங்கள், தயவுசெய்து. நான் வாங்கிய இயந்திரத்தில் முந்திய உரிமையாளர் மோட்டார் அச்சைத் தாங்கும் புஷ் வளையங்களுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். எங்கள் ஊரில் அது போத்தலிலேயே வெள்ளையாக நிற்கிறது. காலையில் இயந்திரம் முக்கி முனகி, பத்து நிமிடம் சுருதி கீழேயே கிடந்து பிறகுதான் வேகம் பிடிக்கும். புஷ்களைக் கழுவி, கனிம எண்ணெய், அதுவும் மின்மோட்டாருக்கென்று விற்கிற மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டபின் அந்த முனகல் போயே போய்விட்டது. சக்கரத்தின் றப்பரில் எண்ணெய் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைச் சரிபார்க்கக் கோடு போட்ட வட்டத்தாள் வைத்திருக்கிறேன். சரியான வேகத்தில் விளக்கொளியில் அந்தக் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். 50 ஹேர்ட்ஸ் விளக்கொளியில் 33⅓க்கு 180 கோடுகள். அமெரிக்கப் பக்கங்களில் கிடைப்பது 60 ஹேர்ட்ஸுக்கான 216 கோட்டுத் தாள். நம் விளக்கில் அது சரியான வேகத்திலும் ஓடுவதுபோலவே தெரியும். மோட்டாரின் அச்சுக் கப்பியிலும் இதே வேறுபாடு உண்டு. 60 ஹேர்ட்ஸுக்கான கப்பியை இங்கே மாட்டினால் 33⅓ வராது, 28க்கும் கீழே நிற்கும்.

கண்டித் தட்டுகள் | திங்கள், மாலை 6.45

ஹட்டன் ஐயா, முறை குற்றவாளி அல்ல என்று நீங்கள் எழுதியதை இரண்டு நாளாக யோசித்தேன். என் பெல்ட் இயந்திரமும் ஒருமுறை உறுமியது நினைவுக்கு வந்தது. மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு ஒட்டியே சுற்றும் பதினாறு துருவ ஒத்தியங்கு மோட்டார், நிமிடத்துக்கு 375 சுற்றுத்தான். ஆனாலும் கையில் பிடித்தால் அதிர்ந்தது. இரண்டு சுருள்களுக்கும் நடுவில் மின்னலையின் கட்டத்தை (ஃபேஸ்) தள்ளிக்கொடுக்கிற கப்பாசிட்டர் வயதாகித் தன் அளவிலிருந்து இறங்கிவிட்டது. இரண்டு சுருளின் இழுப்பும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாமல் போய், மோட்டார் உருளாமல் உதைத்து உதைத்து ஓடியது. எக்ஸ்2 வகைக் கப்பாசிட்டரை அதே அளவில் மாற்றியதும் அடங்கியது. அது லைன் மின்சாரம் நேராக ஓடும் இடம். பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

பெல்ட் வந்தாலே உறுமல் போய்விடும் என்பதுபோல நான் எழுதியது தவறு. ஆனால் பெல்ட் அதிர்வை அதிகம் வடிகட்டும் என்பதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன்.

பண்டாரவளைக் காற்று | புதன், இரவு 9.15

ஹட்டன் ஐயா, நகம் இறங்கியது. அரை நெல்மணி அகலத்தில் ஒரு பள்ளம். அதற்கு நேரெதிரே, விளிம்பு தொட்டுக்கிடந்த பக்கத்தில், இன்னும் மெல்லியதாக இன்னொன்று.

அஞ்சலட்டையும் சிக்கியது. மோட்டார் மூன்று ஸ்பிரிங்கில் தொங்குகிறது. ஒன்று தளர்ந்து மோட்டார் சாய்ந்து, அதன் உறையின் ஒரு மூலை பெட்டியில் வெட்டிய ஓட்டையின் விளிம்பில் சாய்ந்து நின்றது. பலகையில் அந்த இடம் மட்டும் பளபளவென்று மெருகேறியிருக்கிறது. எத்தனை வருடம் உரசியதோ!

லிந்துலை மாஸ்டர் | புதன், இரவு 9.50

அந்த ஸ்பிரிங்குகள் 10 மில்லிமீட்டர் இழுபட்டுத் தொங்கினால் 5 ஹேர்ட்ஸ். 24 ஹேர்ட்ஸ் உதைப்பில் இருபதில் ஒரு பங்குகூடப் பெட்டிக்குப் போகாது. ஆனால் உறை ஓரிடத்தில் மரத்தைத் தொட்டால் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததற்குச் சமம். அதிர்வு விறைப்பான வழியைத்தான் பிடிக்கும். உளியால் ஓட்டையின் அந்த மர விளிம்பை 5 மில்லிமீட்டர் எடுத்துவிடுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாமல் மூன்றையும் ஒரே கம்பியில், ஒரே எண்ணிக்கைச் சுருளில் மாற்றுங்கள். மோட்டாருக்குப் போகும் வயரும் விறைப்பாக இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். அதுவும் ஒரு பாலம்தான்.

தலவாக்கலை மேல்பிரிவு | வியாழன், காலை 7.10

தரைக்கு ஒரு வழி சொல்கிறேன். பலகைத் தரையில் மேசை எங்கே நிற்கிறது? அறை நடுவில் என்றால் தரைச்சட்டத்தின் வயிற்றில் நிற்கிறது. அங்கேதான் அதிகம் துள்ளும். எங்கள் பழைய விடுதிச் சுவர்கள் கருங்கல், ஒன்றரை அடிக் கனம். சுவரில் இரும்புத் தாங்கிகளை அடித்து, பலாப்பலகையை வைத்து, இயந்திரத்தை அதில் ஏற்றினேன். தரை துள்ளினாலும் சுவர் அசையாது. பலகை ஒரு நாள் வேலை. ஒலிபெருக்கியை அதே சுவரில் சாய்க்காதீர்கள்.

பண்டாரவளைக் காற்று | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

வேலை முடிந்தது. லேத் பட்டறையில் ஐந்து நிமிடம்தான் பிடித்தார்கள். கறுப்புத் தூள் ஒரு சிட்டிகை விழுந்தது. சக்கரம் 56இலிருந்து 55.4 மில்லிமீட்டருக்கு வந்தது. முதல் பள்ளத்தின் தடம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது, நகத்துக்குத் தட்டுப்படவில்லை. ஸ்பிரிங் மூன்றும் புதிது. அஞ்சலட்டை எல்லாப் பக்கமும் தடையில்லாமல் போகிறது. இயந்திரம் இப்போது சுவர்ப்பலகையில்.

பாட்டுக்கு முந்திய வெறும் பள்ளத்தில் ஊசியை வைத்தேன். தட்டலை எண்ண முடியவில்லை, ஏனென்றால் கேட்கவில்லை. உறுமல், காதை ஒலிபெருக்கியில் வைத்தால் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் இல்லை. பிறகு அந்த நாதஸ்வரத் தட்டு. தவில் ஓய்ந்த இடத்தில் வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்டது. இத்தனை வருடம் கேட்ட தட்டில் அந்த மூச்சு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஹட்டன் ஐயா, ஒரு சந்தேகம். றப்பர் இறுகிப்போயிருக்கிறது, நகத்தால் அழுத்தினால் அமிழவில்லை. இப்படியே விடலாமா?

ஹட்டன் பட்டறை | அடுத்த ஞாயிறு, இரவு 9.00

மிக்க மகிழ்ச்சி, தம்பி. இறுகிய றப்பர் மோட்டாரின் ரீங்காரத்தைத் தட்டுக்குக் கடத்தும். இப்போதைக்கு ஓட்டுங்கள். அடுத்த மழைக்குள் சக்கரத்துக்குப் புதிதாக றப்பர் வார்த்துக்கொள்வது நல்லது. வார்ப்பவரிடம் பழைய சக்கரத்தைக் காட்டி, அதைவிட மென்மையாக வேண்டும் என்று சொல்லுங்கள். ஆனால் பஞ்சுபோல வேண்டாம், வழுக்கும். வார்த்தபின் லேத்தில் வட்டம் பிடித்துத் தரச் சொல்லுங்கள். வார்ப்பு அச்சில் இருந்து வந்த வட்டத்தை நம்பாதீர்கள்.

பிடி இறுக்கமாக இருக்கிறது என்றீர்களே, அதன் அடியில் நெம்பு திரும்பும் அச்சாணியில் பழைய கிரீஸ் காய்ந்திருக்கும். துடைத்துப் புதிது தடவுங்கள். பிடி இலகுவாகத் திரும்பினால்தான் நிறுத்தத்தில் வைக்கிற பழக்கம் வரும்.

பண்டாரவளைக் காற்று | அடுத்த ஞாயிறு, இரவு 9.25

இப்போதே கழற்றிப் பார்த்தேன். மெழுகுபோலக் காய்ந்து கிடந்தது. துடைத்தாயிற்று. பிடி ஒற்றை விரலுக்குத் திரும்புகிறது. திருப்பும்போது உள்ளே சக்கரம் விலகும் "டிக்" கேட்கிறது. அம்மிக்கல்லைக் கழுவி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.